முப்பத்தெட்டு மீட்டர் தெற்கே

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் எழுதுவது என்று முடிவு. பெரிய காரணம் ஒன்றுமில்லை. அலுவலகத்தில் நாள் முழுக்க மற்றவர்களின் தாமதத்தை எழுதுகிறேன், சொந்தமாகவும் நாலு வரி எழுதலாமே என்று தோன்றியது. பெயர் மங்கையர்க்கரசி. உதவிப் பொறியாளர், திட்டமிடல் பிரிவு. கூனங்கழியின் முகத்துவாரத்துக்குக் குறுக்கே நாங்கள் ஒரு கம்பிவடப் பாலம் கட்டுகிறோம். ஐந்து வருஷமாகக் கட்டுகிறோம். தண்ணீருக்கு மேலே இன்னும் ஒரு முழம் கான்கிரீட் தெரியவில்லை.

ஊரில் எல்லோரும் இதைத் தொங்கு பாலம் என்கிறார்கள். தொங்கு பாலம் வேறு, இது வேறு. இதில் கழியின் நடுவே இரண்டு உயரமான கோபுரத் தூண்கள் நிற்கும். அவற்றின் உச்சியிலிருந்து கம்பிவடங்கள் சாய்வாக இறங்கிச் சாலையை நேராக இழுத்துப் பிடிக்கும். படகுகள் போய்வர நடுவில் இருநூற்று நாற்பது மீட்டர் தூணே இல்லாமல் விடலாம். இதைப் பால்காரருக்குக்கூட விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தத் தொங்கு பாலம் எப்ப மேடம் முடியும்?" என்றார்.

இன்றைய கூட்டம் மூன்று மணி நேரம். கோபுரத் தூணின் உச்சியைச் சங்கு வடிவத்தில் கட்டலாமா என்று யாரோ மேலிருந்து கேட்டிருக்கிறார்கள். அதைப் பரிசீலிக்கத் துணைக்குழு போட்டாகிவிட்டது. அட்டவணையில் ஒரு புதிய வரி சேர்த்தேன்: சங்கு, ஆறு வாரம்.

ஜூன் 5, புதன்

வீட்டுத் தண்ணீர் மோட்டார் போய்விட்டது. குடத்தோடு கீழே இறங்கி ஏறியதில் முழங்கால் வலி.

ஜூன் 11, செவ்வாய்

இன்றைக்கு நல்ல சுவாரசியம்.

கோபுரத் தூணுக்கு அடித்தளம் இறக்குவதற்கு முன், அந்த இடத்தில் மண்ணைத் துளைத்துப் பாறை எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று ஒப்பந்தக்காரர் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வார். சடங்கு மாதிரிதான். மூன்று வருஷம் முன்பு வடிவமைப்புக்காக நாங்களே துளை போட்டுப் பார்த்தாகிவிட்டது. வடக்குத் தூண் நிற்கப் போகிற இடம் ஏழாம் நம்பர் துளை, பேச்சு வழக்கில் ஏழாம் போர். அறிக்கைப்படி இருபத்தொன்பது மீட்டரில் பாறை.

இன்று இருபத்தொன்பதில் வெறும் மணல். முப்பதில் வண்டல். முப்பத்தைந்தில் வண்டலோடு கிளிஞ்சல். துளைக் கருவி நிற்கிற மிதவைமேல் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். குழாயிலிருந்து மண்ணைத் தள்ளி வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் நானும் முண்டியடித்து முன்னால் போய் நின்றேன். பயமா என்று கேட்டால், பாதி பயம். மீதிப் பாதி, அடியில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு. அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

துளை போடும் குழுவுக்கு மேஸ்திரி அர்த்தநாரி. திருச்செங்கோட்டுக்காரர். மூன்று வருஷம் முன்பு ஏழாம் துளையைப் போட்டதும் அவர்தான். நாற்பது மீட்டரில் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நாளைக்குப் பாக்கலாங்க மேடம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஜூன் 12, புதன்

நாற்பத்தாறு மீட்டர் இருபது சென்டிமீட்டரில் பாறை. பதினேழு மீட்டர் வித்தியாசம்.

அலுவலகம் வந்ததும் வைத்தியலிங்கம் சார் கூப்பிட்டார். திட்டப் பொறியாளர். கோபமாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இன்று துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏழாம் போர் அறிக்கையில நம்ம பக்கத்துக் கையெழுத்து யாரோடது?"

"கோப்பைப் பார்த்துச் சொல்றேன் சார்" என்றேன்.

கோப்பு என் அலமாரியில்தான் இருக்கிறது.

ஜூன் 14, வெள்ளி

மோட்டார் ரிப்பேருக்காக அரை நாள் விடுப்பு. மத்தியானம் வீட்டிலேயே உட்கார்ந்து வண்ணப் பென்சிலால் கழியின் குறுக்குவெட்டு வரைந்தேன். மணல் மஞ்சள், வண்டல் பழுப்பு, பாறைக்குச் சிவப்பு. எட்டாம் துளை தெற்கே நூறு மீட்டர் தள்ளி. அங்கே முப்பதில் பாறை. ஏழில் மட்டும் நாற்பத்தாறு. சிவப்புக் கோடு நேராக வந்து திடீரென்று குழிக்குள் இறங்குகிறது. பாறை தானாகக் குழி வெட்டிக்கொள்ளாது. எதுவோ வெட்டியிருக்க வேண்டும். எப்போதோ ஓர் ஆறு அந்த வழியாக ஓடி, பாறையை அரித்து, பிறகு தூர்ந்து போயிருக்கலாம். அப்படியானால் அந்தப் பள்ளம் எவ்வளவு அகலம்? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

மூன்று மணி நேரம் சாப்பிடக்கூட மறந்துவிட்டேன். மோட்டார் ரிப்பேர்காரர் மணி அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம்.

ஜூன் 20, வியாழன்

எங்கள் அலுவலகம் ஒரு பழைய ஐஸ் கம்பெனி. சுவருக்குள் தக்கை வைத்துக் கட்டியிருப்பதால் உள்ளே போன் எடுக்காது. பேச வேண்டுமென்றால் லாரி நிற்கிற மேடைக்கு வெளியே வர வேண்டும். மழைக்காலத்தில் சுவரிலிருந்து மீன் வாசனை வரும். கூட்டம் நடப்பது பழைய குளிர் அறையில்.

இன்றைய கூட்டத்தில் சங்கு பற்றி யாரும் பேசவில்லை. ஒப்பந்தக்காரர் சொன்னது: உங்கள் அறிக்கை தப்பு, அடித்தளத்தை மறுபடி வடிவமைக்க வேண்டும், எங்களுக்கு ஒன்பது மாதம் கூடுதலாக வேண்டும். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தப்பு யாருடையது என்று பெயரோடு வேண்டுமாம்.

பிறகு ஒருவர், "துளை போட்டவன் கரையில உக்காந்து எழுதியிருப்பான் சார். இவங்க செய்யறதுதானே" என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்த மாதிரி இருந்தது. அர்த்தநாரி பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைப்பது, அதற்கு முன் விசாரணை அதிகாரி ஒருவரை நியமிப்பது என்று தீர்மானம்.

அர்த்தநாரி இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களுக்காகத் துளை போட்டவர். இந்த வருஷம்தான் தன் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள மனுப் போட்டிருக்கிறார். பட்டியலில் பெயர் ஏறினால் பதிவு கிடையாது. அதற்குப் பிறகு எந்த அரசு வேலைத்தளத்திலும் அவரைக் கால் வைக்க விடமாட்டார்கள்.

தீர்மானத்தைத் தெளிவான கையெழுத்தில் எழுதியது நான்.

ஜூன் 25, செவ்வாய்

அலைமேட்டுக்குப் போனேன். கழியின் வடகரையில் இருக்கிற மீனவர் குப்பம். தகவல் திரட்டத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை. முன்பெல்லாம் கழியின் ஆழம் எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும்.

இந்தக் குப்பத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கழிக்குள் கோல் ஊன்றி வலை கட்ட ஏழு இடங்கள் இருக்கின்றன. இன்று இந்த இடம் உனக்கு, நாளை எனக்கு என்று வருஷத் தொடக்கத்தில் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். அந்த இடத்துக்கும் முறைக்கும் ஒரே பெயர்தான், பாடு. ஒருவர் முறையில் இன்னொருவர் நுழைய முடியாது. மாவட்ட ஆட்சியரே வந்தாலும் கரையில் நின்று பார்க்கலாம். மூணாம் பாடு எல்லாவற்றிலும் ஒசத்தி. ஒரு வீட்டுக்கு நாற்பது நாளைக்கு ஒரு தடவைதான் வரும். போன வருஷம் பாலத்துக்காக அரசாங்கம் இழப்பீடு கொடுத்து அந்த ஓர் இடத்தை மட்டும் நிறுத்திவைத்தது. வடக்குத் தூண் அங்கேதான் வருகிறது.

ஊர் நாட்டார், அதாவது தலைவர், தேசப்பன் வலை காய்ந்துகொண்டிருந்த இடத்தில் இருந்தார். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். "வாங்கம்மா. மூணு வருசம் கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். (அவரை எனக்கு முன்பே தெரியும். இதை முன்னாடியே எழுதியிருக்கலாம்.)

மூணாம் பாடு ஏன் ஒசத்தி என்று கேட்டேன்.

"இன்னாம்மா இப்புடிக் கேக்குறீங்க? கோடையில தண்ணி வத்துனா மத்த எடமெல்லாம் முட்டிக்கால் அளவுதான். அங்க மட்டும் ஆளு முழுகும். மீனு, இறாலு அல்லாம் அங்க போயி ஒதுங்கிக்கும். ஒரு கோலு ஊணிப் பாருங்க, உள்ள போயிக்கினே இருக்கும். அடியில கெட்டித் தரையே கெடையாது."

"அது ஏன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"ஆறு ஒரு காலத்துல அந்தப் பக்கமாத்தான் கடலுக்குப் போச்சின்னுவாங்க. அத்த யாரு பாத்தா? கோலு எறங்குது. அது எனக்குத் தெரியும்."

என் வண்ணப் பென்சில் படத்தில் இருந்த பள்ளம், இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொண்ட இடம். பள்ளம் இருப்பதால் மீன். மீன் இருப்பதால் போட்டி. போட்டி இருப்பதால்தான் அந்த இடத்தை ஒருநாளும் யாரும் காலியாக விட்டதில்லை. அகலம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். "வலை கட்டுற அளவுதான். தெக்கால முப்பது மீட்டரு தள்ளுனா கோலு நின்னுடும். அதான் உங்களுக்கே தெரியுமே" என்றார்.

பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். பேருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

அர்த்தநாரி போன் செய்தார். லாரி மேடையில் நின்று பேசினேன்.

"மேடம், நானே எழுதிக் குடுத்துட்டனுங்க."

"என்னத்த எழுதிக் கொடுத்தீங்க?"

"ஏழாம் போரை மேடத்துக்குத் தெரியாம நானே தள்ளிப் போட்டுட்டன்னு. எங்க கம்பெனியில கேட்டாங்க. கையெழுத்துப் போட்டுட்டனுங்க."

"ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க? உங்க பதிவு என்ன ஆவறது?"

"நான் எங்காச்சும் போர் போடற ரிக் வண்டியில ஏறிப் பொழச்சுக்குவனுங்க. உங்களுக்கு அப்படியா? ஒரு தடவ பேரு கெட்டா ரிட்டயர் ஆவற வரைக்கும் சொல்லிக்காட்டுவாங்க. விடுங்க மேடம்."

விடுங்க மேடம். எத்தனை சுலபமாகச் சொல்கிறார். எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது, அவர்மேல் இல்லை.

நடந்ததை எழுதிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்பு பங்குனி மாதம், ஏழாம் துளைக்காக மிதவையோடு போனோம். இடத்தில் வலை கட்டியிருந்தது. தேசப்பன் படகில் வந்து, "இன்னிக்கு இது இன்னொருத்தன் பாடு, கலைக்க முடியாது" என்றார். நாளைக்கு வருகிறோம் என்றேன். நாளைக்கும் யாரோ ஒருவர் பாடுதான் என்றார். வருஷம் முழுக்க அப்படித்தான். வலைக்காரர் அடுத்த படகில் கைகட்டி நின்றிருந்தார். நாற்பது நாள் காத்திருந்த முகம். மிதவை இரண்டு நாளில் வேறு ஊருக்குப் போக வேண்டும். அர்த்தநாரி என்னைப் பார்த்தார். "தெற்கே தள்ளிப் போடுங்கண்ணே" என்றேன். சொன்னது நான். முப்பத்தெட்டு மீட்டர். பூமிக்கடியில் பாறை அந்தத் தூரத்துக்குள் என்ன பெரிதாக மாறிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அதுகூடப் பெரிய தப்பில்லை. துளையைத் தள்ளிப் போடுவது நடக்கிற விஷயம்தான். தள்ளிப் போட்டோம் என்று எழுதினால் போதும். ஆனால் படிவத்தில் இடத்தின் எண்களை, அதாவது வரைபடத்தில் அது எங்கே என்று காட்டும் கிழக்கு எண்ணையும் வடக்கு எண்ணையும், முன்கூட்டியே தட்டச்சு செய்து சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். திருத்தினால் மறுபடி ஒப்புதலுக்குப் போகும், இரண்டு மாதம் ஆகும். அப்போதே திட்டம் பதினோரு மாதம் தாமதம். தாமதத்தைக் குறைப்பதுதானே என் வேலை. திருத்தாமல் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதத்தை மிச்சம் பிடித்து ஒன்பது மாதம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 3, புதன்

மழை. துணி காயவில்லை. ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

வைத்தியலிங்கம் சாரிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சார் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் கோப்புல ஏறிடுச்சும்மா."

"அது பொய் சார்."

"இருக்கட்டும். நீங்க சொல்றதுக்கு என்ன ஆதாரம்? விசாரணை அதிகாரி கேப்பார். மேஸ்திரி மேல பரிதாபப்பட்டுச் சொல்றாங்கன்னு நெனைப்பார். ஏதாவது காகிதம் இருந்தாக் காட்டுங்க. இல்லன்னா…" சார் சன்னல் பக்கம் பார்த்தார். "இல்லன்னா சும்மா இருந்துடுங்க. நல்ல பொறியாளர் நீங்க. நானும் எதையும் கேக்கலன்னு வச்சுக்கறேன்."

கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். திரும்பி வந்து இருக்கையில் உட்கார்ந்து சங்குத் துணைக்குழுவின் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஒரு வார்த்தை ஏறவில்லை.

ஜூலை 12, வெள்ளி

காகிதம் இருக்கிறது.

இன்று மறுபடி அலைமேடு போனேன். அந்த நாளை யாராவது எங்காவது குறித்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். தேசப்பன் கோயிலுக்குள் போய் இரும்புப் பெட்டியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். பாடு நோட்டு. ஒவ்வொரு நாளும் எந்தப் பாடு யாருக்கு, ஏதாவது தகராறு நடந்ததா, எப்படித் தீர்ந்தது என்று ஊரே எழுதி வைக்கிற நோட்டு. பங்குனி பதினாறு. விரலை வைத்துக் காட்டினார். நான் இரண்டு தடவை படித்தேன்.

"மூணாம் பாடு கஜபதி. பாலத்து அம்மா போர் போட வந்து, ஊர் கேட்டதால் தெற்கே தள்ளிப் போனார். பாடு கலையவில்லை. அம்மாவுக்கு ஒரு பங்கு."

அர்த்தநாரி தப்பித்தார் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் கடைசி வாக்கியம் உறைத்தது.

அம்மாவுக்கு ஒரு பங்கு. இன்னொருவர் பாட்டை, அதாவது முறையை, மதித்து விலகிப் போகிறவருக்கு அன்றைய மீனில் ஒரு பங்கு கொடுப்பது இவர்கள் வழக்கம். வேண்டாம் என்பது மரியாதை இல்லை. இதை நான் அலைமேட்டில் நின்றுகொண்டு புரிந்துகொள்ளலாம். விசாரணை அதிகாரி எப்படிப் படிப்பார்? அரசு அலுவலர் ஒருவர் தன் வேலையை இடம் மாற்றிச் செய்தார், மாற்றச் சொன்னவர்களிடமிருந்து பொருள் பெற்றார். எங்கள் அலுவலகத்தில் இதற்கு வேறு பெயர். அர்த்தநாரியை விடுவிக்கிற அதே வரி என்னைக் கவனக்குறைவான பொறியாளர் என்ற இடத்திலிருந்து கைநீட்டி வாங்கியவள் என்ற இடத்துக்குத் தள்ளிவிடும்.

தேசப்பன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நோட்டு ஊர விட்டு வெளிய போவாது. பாக்கணும்னா அந்த ஆபீசரு இங்க வரட்டும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணான்னா சொல்லுங்க. பொட்டிக்குச் சாவி கெடைக்கல, அவ்ளோதான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

என் கணவர் செழியன் மன்னார்குடியில் பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் பேசுவோம். இன்று எல்லாவற்றையும் சொன்னேன். பங்கு விஷயத்தில் முதலில் சிரித்தார். "ஏன்டி, லஞ்சம் வாங்கறதுன்னு ஆனப்புறம் ஏதாவது ஒரு நிலம் நீச்சாவது வாங்கக்கூடாதா?"

நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"மங்கை, சும்மா இருந்தா என்ன ஆவும்?"

"ஒன்னும் ஆவாது."

"அப்ப எதுக்கு மூணு தடவை அந்தக் குப்பத்தப் பத்தியே சொல்லிக்கிட்டிருக்க?"

ரசத்துக்குப் புளி கரைத்து வைத்திருந்தேன், அதைச் சாக்காகச் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

சங்கு நிராகரிக்கப்பட்டது. காற்றுக்குத் தாங்காதாம். இப்போது தாமரை மொட்டு கேட்டிருக்கிறார்கள்.

மத்தியானம் விசாரணை அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன், ஒரே பக்கம். அலைமேட்டு நோட்டை அங்கேயே வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு, இனித் திருப்பி எடுக்க முடியாது என்று ஆகட்டும் என, பெட்டி திறக்கிறவர் வரும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போன பிறகு தேசப்பனுக்குப் போன் செய்து, சாவி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "நல்லதும்மா" என்றார்.

ஜூலை 24, புதன்

விசாரணை அதிகாரி சுக்கூர் சார். ஓய்வு பெற்ற பொறியாளர். கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி, வாயில் வார்த்தை கம்மி. காலை பத்து மணிக்கு அலைமேட்டுக் கோயில் முன் மண்டபத்தில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார்கள். வைத்தியலிங்கம் சார், அர்த்தநாரி, தேசப்பன், நான். சுற்றிலும் பாதிக் குப்பம். அர்த்தநாரி என் பக்கம் திரும்பவே இல்லை. நோட்டைக் காட்டப் போகிறேன் என்று அவருக்கு நேற்றுத்தான் தெரியும். கேட்டதும், "வேண்டாங்க மேடம், கையெடுத்துக் கும்புடறனுங்க" என்றிருந்தார்.

சுக்கூர் சார் நோட்டை மடியில் வைத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். முக்கால் மணி நேரம். ஏழு இடங்கள், நாற்பது வீடுகள், பதினைந்து வருஷம். இடையில் ஒரு முறை, "இந்த வருஷம் ரெண்டாம் பாட்டுல தகராறாமே, எப்படித் தீர்ந்தது?" என்று தேசப்பனிடம் கேட்டார். விசாரணைக்கு அது தேவையே இல்லை. சும்மா தெரிந்துகொள்ள ஆசை. அந்த ஒரு கேள்வியில் எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது.

பங்குனி பதினாறுக்கு வந்தார். உருப்பெருக்கியை வைத்துப் படித்தார். உரக்கவும் படித்தார்.

"ஒரு பங்குன்னா என்ன?"

"அன்னிக்கு ரெண்டு கிலோ இறாலு சார்" என்றார் தேசப்பன். "நல்ல இறாலு."

கூட்டத்தில் யாரோ சிரித்து, யாரோ அடக்கினார்கள். வைத்தியலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாங்கினீங்களாம்மா?" என்று என்னிடம் கேட்டார் சுக்கூர் சார்.

"வாங்கினேன் சார்."

"திருப்பிக் கொடுத்திருக்கலாமே."

"கொடுத்திருக்கலாம். சமைச்சேன்."

அவர் குறித்துக்கொண்டார். பிறகு அர்த்தநாரி பக்கம் திரும்பினார். "மேடத்துக்குத் தெரியாம நானே தள்ளிப் போட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அவங்களுக்கே தெரியாத ஒரு காரியத்துக்கு ஊர் எதுக்கு அவங்களுக்குப் பங்கு கொடுத்தது?"

அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார். பெரிய உடம்பு அவருக்கு. பாயில் உட்கார்ந்த இடத்திலேயே சின்னதாகிப் போனார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுக்கூர் சார் அவருடைய வாக்குமூலத்தைக் கோப்பிலிருந்து எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் கையெழுத்திட்டார். என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். "நீங்க எழுதுங்க. இதுக்கு என்ன வரும்னு தெரியுமில்லையா? கவனக்குறைவுக்கு ஒரு குற்றச்சாட்டு, அந்த இறாலுக்குத் தனியா ஒன்னு."

"தெரியும் சார்."

எழுதினேன். தள்ளச் சொன்னது நான், அர்த்தநாரி என் சொல்படி செய்தார், படிவத்தைத் திருத்தாமல் கையெழுத்துப் போட்டது நான், ஒரு பங்கு இறால் பெற்றுக்கொண்டேன். அவர் ஒவ்வொரு வரியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துளை உண்மையா விழுந்த இடத்தோட எண்கள் வேணும். அது எந்த அறிக்கையிலயும் இல்ல. தோராயமா எழுதாதீங்க. கருவியோட ஆளை வரச்சொல்லி அளக்கலாம், ஒரு வாரம் ஆகும்."

"வேண்டாம் சார்" என்றேன்.

கிழக்கு எண்ணை எழுதினேன், ஆறு இலக்கம், புள்ளிக்குப் பின்னால் ஒன்று. வடக்கு எண், ஏழு இலக்கம், புள்ளிக்குப் பின்னால் ஒன்று. அர்த்தநாரி சட்டைப் பையிலிருந்து தன் பழைய வேலைக் குறிப்பேட்டை எடுத்தார். தயங்கித் தயங்கி ஒரு பக்கத்தைப் பிரித்து சுக்கூர் சாரிடம் நீட்டினார். அவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். கடைசி இலக்கம்வரை ஒன்றே.

"மூணு வருஷத்துக்கு முந்தின எண். எதையும் பார்க்காம எப்படிம்மா எழுதினீங்க?"

மிதவையில் அன்றைக்கு இடம் அளக்கிற கருவியின் திரையை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. அவரிடம் அதைச் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.